மறதி நோயுள்ள பெரியவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால்: கடலோர வீடுகளில் கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் கடலோரத்தில், மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட ஊர்களில், செவிலியராக வேலை பார்க்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஐப்பசியில் மழை இறங்கி வாடைக்காற்று திரும்பியதும் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கும். பிள்ளைகள் நாலு நாள் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அதே சளி மறதி நோயுள்ள ஓர் அப்பத்தாவையோ வாப்பாவையோ பிடித்தால் வேறு மாதிரி போகிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்து அழுதவர்கள் பலர். என் மாமியாருக்கும் ஏழு வருடம் இந்த நோய் இருந்தது. அதனால் கீழே உள்ள கேள்விகளில் சில நானே கேட்டவை.

மறதி நோய் என்று நான் எழுதுவது டிமென்ஷியாவை. அல்சைமர் அதில் ஒரு வகை, பக்கவாதத்துக்குப் பின் புத்தி தடுமாறுவது இன்னொரு வகை. சளிக்காய்ச்சல் என்று எழுதுவது ஃப்ளூ, கொரோனா, ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் மூச்சுப்பாதையைப் பிடிப்பதை.

மறதி தலையில் இருக்கிறது, சளி நெஞ்சில் இருக்கிறது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. நமக்கு நெஞ்சில் சளி கட்டினால் என்ன செய்கிறோம்? தொண்டை கரகரப்பு என்று முதல் நாளே சொல்கிறோம். சுடுதண்ணீர் எடுத்துக் குடிக்கிறோம். இருமித் துப்புகிறோம். முடியாவிட்டால் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போகிறோம். இதில் ஒவ்வொன்றுக்கும் மூளையின் துணை வேண்டும். மறதி நோயில் உடம்பு சொல்வதைக் கேட்கும் இடமே பழுதாகிப்போகிறது. தாகம் எடுப்பது தெரியாது. தெரிந்தாலும் கேட்க வார்த்தை வராது. "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பார், நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கும்.

நோய் முற்ற முற்ற விழுங்குவதும் இருமுவதும் கூட மந்தமாகிவிடும். எச்சிலும் கஞ்சியும் உணவுக்குழாயில் இறங்குவதற்குப் பதிலாக மூச்சுக்குழாயில் இறங்கும். வைரஸ் ஏற்கனவே புண்ணாக்கி வைத்த நுரையீரலில் வாயிலுள்ள கிருமிகளும் போய்ச் சேர்ந்தால் நிமோனியாதான். மறதி நோயுள்ளவர்களின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் நிமோனியாவும் ஒன்று.

உண்மையிலேயே ஆபத்து கூடுதலா, இல்லை வயசானதுதான் காரணமா?

வயது ஒரு காரணம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் என்று கூடவே இருப்பவையும் காரணம். அவை போகவும் மறதி நோய் தன் பங்குக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 மார்ச் முதல் ஜூன் வரை கொரோனாவோடு இறந்த சுமார் 50,000 பேரின் பதிவுகளை அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் ஆராய்ந்தது. அவர்களுக்கு முன்பே இருந்த நோய்களில் முதலிடம் மறதி நோய்க்கு. இறந்த நான்கு பேரில் ஒருவருக்கு அது இருந்தது. அங்கே பெரியவர்கள் பலர் முதியோர் இல்லங்களில் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்று வேகமாகப் பரவியது. நம் ஊரில் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த வகையில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. ஆனால் பேரப்பிள்ளைகள் ஆறு பேர் ஓடியாடும் வீட்டில் தொற்று உள்ளே வருவதும் சுலபம்.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது. அப்படியென்றால் நம் தெருவிலும் ஒருவராவது இருப்பார். "வயசாச்சுல்ல, அப்படித்தான் பேசுவாங்க" என்று விட்டுவிடுவதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

காரணங்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தால், வயதை நம்மால் குறைக்க முடியாது, மூளையில் போனதைத் திருப்ப முடியாது. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதுதான் நம் கையில் இருக்கும் முக்கியமான காரணம். நான் பார்த்த வீடுகளில் மூன்றாம் நாள், நான்காம் நாள் வந்து நிற்பவர்கள்தான் அதிகம். அடுத்து வரும் சில பதில்கள் அந்த மூன்று நாளை எப்படி மிச்சப்படுத்துவது என்பதைப் பற்றியவை.

காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நோய் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது. மறதி நோயுள்ளவருக்குத் தொற்று வந்தால் முதலில் மாறுவது நடத்தை. இருமலும் காய்ச்சலும் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

நேற்று வரை தானே எழுந்து திண்ணையில் உட்கார்ந்தவர் இன்று படுக்கையை விட்டு எழவில்லை. கருவாட்டுக் குழம்பு என்றால் ஆசையாகச் சாப்பிடுபவர் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். நிற்க வைத்தால் ஒரு பக்கம் சாய்கிறார். ஒரே நாளில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது. இறந்துபோன தங்கச்சி வாசலில் நிற்பதாகச் சொல்லி அழுகிறார். சாந்தமாக இருந்தவர் அடிக்க வருகிறார். இதில் எது நடந்தாலும் "நோய் முத்திருச்சு" என்று நினைக்காதீர்கள். உடம்புக்குள் ஏதோ வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

நம் பெரியவர்கள் இதற்கு ஜன்னி என்று பேர் வைத்திருந்தார்கள். "காய்ச்சல்ல ஜன்னி கண்டிருச்சு" என்று சொல்வார்களே, அதேதான். மருத்துவத்தில் டெலிரியம் என்பார்கள். அமெரிக்காவில் கொரோனாவோடு அவசரப் பிரிவுக்கு வந்த 65 வயதைத் தாண்டிய 817 பேரைப் பார்த்தபோது, 28 சதவீதம் பேருக்கு இந்த ஜன்னி இருந்தது. அப்படி இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவுமே இல்லை. குழப்பம் மட்டும்தான். அவர்களை "காய்ச்சல் இல்லையே" என்று திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஜன்னியில் ஒரு வகை கத்தும், எழுந்து ஓடும். அதை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். இன்னொரு வகை சத்தமே இல்லாமல் இருக்கும். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார். நாள் முழுக்க அரைத் தூக்கம். "இன்னைக்குத்தான் தொந்தரவு பண்ணாம தூங்குறாங்க" என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். என் மாமியார் விஷயத்தில் நானும் அப்படித்தான் ஒரு பகல் முழுக்க ஏமாந்தேன். செவிலியராக இருந்தும் ஏமாந்தேன். சாயங்காலம் மூச்சை எண்ணிப் பார்த்தபோது நிமிடத்துக்கு 32 இருந்தது.

மறதி முற்றியதா, ஜன்னியா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி?

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். ஜன்னி மணிக்கணக்கில், ஓரிரு நாளில் வரும். காலையில் தெளிவு, ராத்திரி குழப்பம் என்று ஏறி இறங்கும். எப்போது மாறியது என்று உங்களால் கிழமை சொல்ல முடிந்தால் அது ஜன்னிதான் என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தெர்மாமீட்டரில் 99தான் காட்டுகிறது. காய்ச்சல் இல்லை என்று விடலாமா?

விடக்கூடாது. வயதானவர்களின் உடம்பு சூட்டைக் கூட்டிக் காட்டத் தெம்பில்லாதது. பலருக்கு வழக்கமான சூடே 97தான். அவர்களுக்கு 99 என்றால் இரண்டு டிகிரி ஏறிவிட்டது என்று அர்த்தம். வாயில் வைத்து ஒரே தடவை 100 காட்டினாலும், 99க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினாலும், வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலும் காய்ச்சல்தான். அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே நாலைந்து தடவை சூட்டைப் பார்த்து, அவருடைய வழக்கமான அளவைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மூச்சையும் எண்ணுங்கள். அவர் சும்மா படுத்திருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 25ஐத் தாண்டினால் சந்தேகம், 30ஐத் தொட்டால் அவசரம். காசு செலவில்லாத பரிசோதனை இது. எந்தக் கருவியைவிடவும் நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் நல்லது. 94க்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த விரலில் தவறாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். வெயிலில் கறுத்த நம் தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்புண்டு. 95 காட்டுகிறது, ஆனால் ஆள் வாடிக் கிடக்கிறார் என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

எந்த நேரத்தில் 108ஐக் கூப்பிட வேண்டும்?

மூச்சு 30ஐத் தொட்டால், ஆக்சிஜன் 90ஐ நெருங்கினால், எழுப்பினாலும் எழவில்லை என்றால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு வலி போல் கையை வைத்துக்கொண்டால் உடனே கூப்பிடுங்கள். ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் கண்டிருக்கிறார்கள். மறதி நோயுள்ளவர் நெஞ்சு வலியை வாயால் சொல்லமாட்டார் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகவில்லை என்றாலும், ஒரு நாள் முழுக்க எதுவும் குடிக்கவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். பாம்பனைத் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்குப் போவதைவிட, பகல் வெளிச்சத்தில் போவது மறதி நோயுள்ளவருக்கு ஆயிரம் மடங்கு நல்லது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ஓர் ஆஸ்பத்திரி, இன்னோர் ஆஸ்பத்திரி, மறுபடி ஒன்று என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஜன்னி ஒவ்வொரு மாற்றத்திலும் கூடும்.

மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மூக்கொழுகலை நிறுத்தி, தூக்கம் வரவைக்கும் பழைய சளி மாத்திரைகள் இருக்கின்றன. சி.பி.எம். என்கிற குளோர்பெனிரமின், அவில், பினர்கன் எல்லாம் அந்த வகைதான். மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் மறதி நோயில் ஏற்கனவே குறைந்து போயிருக்கிறது. இந்த மாத்திரைகள் மிச்சம் இருப்பதையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். குழப்பம் கூடும், சிறுநீர் அடைக்கும், மலம் கட்டும், வாய் வறளும். டோனிபெசில் போன்ற மறதி மாத்திரையை ஒரு கையால் கொடுத்துவிட்டு, அதற்கு நேர் எதிரான மாத்திரையை இன்னொரு கையால் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பல இருமல் டானிக்குகளிலும் இவை கலந்திருக்கும்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால் போதும். எத்தனை வேளை என்பதை எடையும் கல்லீரலும் பார்த்து மருத்துவர் சொல்வார். வலியைச் சொல்லத் தெரியாதவருக்கு வலி குறைந்தாலே பாதி ஆர்ப்பாட்டம் அடங்கிவிடும்.

ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. நிமோனியா சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் நினைத்தால் கொடுப்பார், அது வேறு. ஃப்ளூவுக்கென்று ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். முதல் நாளே கண்டுபிடியுங்கள் என்று நான் மன்றாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஒரு ஊசி போடுங்க, சரியாயிரும்" என்று கேட்டு வாங்கும் ஊசியில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். ஆக்சிஜன் குறைந்த கொரோனா நோயாளிக்கு அது உயிர் காக்கும் மருந்து. சாதாரணச் சளிக்கு அது சர்க்கரையை ஏற்றி, தூக்கத்தைக் கெடுத்து, குழப்பத்தைக் கூட்டும்.

ராத்திரி முழுக்கக் கத்துகிறார். தூக்க மாத்திரை கொடுத்தால் என்ன?

உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். அந்த ராத்திரிகளை நானும் கடந்திருக்கிறேன். ஆனாலும் அல்பிரசோலம், டயசிபாம் மாதிரி மாத்திரைகள் சளி கட்டிய நெஞ்சில் மூச்சை இன்னும் மந்தமாக்கும், இருமலை அடக்கும், விழச் செய்யும். பாதி மயக்கத்தில் எச்சில் நுரையீரலுக்குள் போகும். அவருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து என்ற நிலையில் மருத்துவர் மிகச் சிறிய அளவில் வேறு மருந்து கொடுப்பது உண்டு. லூயி பாடி என்ற வகை மறதி நோய் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைக் கண்டிப்பாகக் காட்டுங்கள். ஆர்ப்பாட்டத்தை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து அவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம்.

மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை: மூத்திரம் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, தாகமா, குளிரா, வலியா. இவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலே பல ராத்திரிகள் அமைதியாகிவிடும்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார். எப்படியாவது ஊட்டிவிடலாமா?

"எப்படியாவது" என்பதுதான் ஆபத்து. படுத்திருப்பவரின் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, பாலாடையில் கஞ்சியை ஊற்றுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்தக் கஞ்சி போகும் இடம் வயிறு அல்ல.

நிமிர்த்தி உட்கார வையுங்கள். முதுகுக்கு இரண்டு தலையணை, காலுக்கு ஒரு மனை. தாடை நெஞ்சைப் பார்த்து லேசாகக் குனிந்திருக்க வேண்டும். சின்ன ஸ்பூனில் அரை வாய் அளவு. விழுங்கினாரா என்று தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. நடுவில் இருமினாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் மாறினாலோ நிறுத்திவிடுங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

தண்ணீரும் நீர்த்த கஞ்சியும்தான் சட்டென்று மூச்சுக்குழாயில் நழுவும். கொஞ்சம் கெட்டியான கேப்பைக்கூழ், மசித்த இட்லி, குழைந்த சோற்றில் பருப்பு, தயிர் எல்லாம் பலருக்குச் சுலபமாக இறங்கும். கீழக்கரை பக்கம் நோன்புக்கஞ்சி பதத்தில் காய்ச்சிக் கொடுப்பார்கள், அந்தக் கெட்டிப் பதம் சரிதான். நம் கரையில் பல இடங்களில் தண்ணீர் உப்புக் கரிப்பதால் நோயில் நாக்கு மாறியவர்கள் குடிக்கவே மறுப்பார்கள். இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றி, அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நீர் கொடுக்கலாம், இளநீர் ஆகுமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

அப்புறம் வாய் சுத்தம். பலர் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நினைக்கிறார்கள். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல்லையும் வாயையும் சுத்தம் செய்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு. 2002இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு பிரஷ், ஒரு ஈரத்துணி, ஐந்து நிமிடம். கன்னத்தில் அதக்கி வைத்த வெற்றிலைச் சக்கையையும் சோற்றுப் பருக்கையையும் விரலில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள். பல்செட்டை ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டால் புரையேறாது என்று நினைப்பவர்கள் உண்டு. மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் நிமோனியாவைத் தடுப்பதில்லை. எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறி வருவதும் அப்படியேதான் உள்ளே போகும். சில நாளைக்குத் தற்காலிகமாக மருந்து கொடுக்கப் போடுவது வேறு.

வேது பிடிக்கலாமா? கஷாயம்?

வேது வேண்டாம். கொதிக்கும் பாத்திரம், மேலே போர்வை, உள்ளே இது என்னவென்று புரியாத ஒருவர். தொடை வெந்து வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சுக்கும் மிளகும் தட்டிய கஷாயம் வெதுவெதுப்பாக, விழுங்க முடிந்தால், கொஞ்சம் கொடுக்கலாம். அது இதத்துக்கு, மருந்துக்குப் பதில் ஆகாது.

தனி அறையில் வை என்கிறார்கள். ஆனால் ஐயா அறையில் இருக்கமாட்டேன் என்கிறார். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து கடலுக்குக் கிளம்புகிறார்.

ஐம்பது வருடம் வள்ளம் தள்ளியவருக்கு மூன்று மணி என்றால் தொழிலுக்குப் போகும் நேரம். காய்ச்சலிலும் கால் அந்தப் பக்கம்தான் போகும். கதவைப் பூட்டி உள்ளே போட்டால் ஜன்னி கூடும், இருட்டில் முட்டி விழுவார். மாஸ்க் போட்டுவிட்டால் பிடுங்கி எறிவார். அவரை மாற்றப் பார்க்காமல் நாம் மாறிக்கொள்வதுதான் நடக்கிற காரியம். பார்த்துக்கொள்ளும் ஓர் ஆள் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு கூடவே இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கடற்காற்று நமக்குக் கிடைத்த வரம். பிள்ளைகளைச் சில நாள் சித்தி வீட்டுக்கு அனுப்புங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எழுந்தால் சத்தம் கேட்கக் கதவில் ஒரு மணி கட்டுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கரையில் வலை காக்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். "இன்னைக்குக் காத்து சரியில்லை ஐயா, யாரும் போகலை" என்று சொன்னால் பெரும்பாலும் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். "உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையே" என்று வாதாடினால் வரமாட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போனபோது இருந்ததைவிட மோசமாகிவிட்டார். ஏன்?

புது இடம், ராத்திரி பகல் தெரியாத விளக்கு, தெரியாத முகங்கள், முகமே தெரியாத மாஸ்க்குகள், கையில் ஊசி, மூக்கில் குழாய், மூத்திரப் பை. இவ்வளவும் சேர்ந்தால் தெளிவான மனிதருக்கே தலை சுற்றும். மறதி நோயுள்ளவர் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி எறிகிறார், ட்ரிப்ஸைப் பிடுங்குகிறார். சிகிச்சை தடைபடுகிறது. அதனால் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். அதனால் எழமாட்டார், சாப்பிடமாட்டார், புண் வரும், காலில் ரத்தம் உறையும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது.

இதை உடைக்க வீட்டு ஆள் ஒருவரால் முடியும். வார்டில் கூட ஓர் ஆள் இருக்க அனுமதி கேளுங்கள், விவரம் சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள். முறை வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் கூடவே போக வேண்டும். வீட்டில் போர்த்தும் சேலை ஒன்றையும் கொண்டு போங்கள். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், முடிந்தால் நாலு எட்டு நடக்க வையுங்கள். மாஸ்க் பிடிக்கவில்லை என்றால் மூக்கில் வைக்கும் மெல்லிய குழாய் போதுமா என்று கேளுங்கள். ட்ரிப்ஸ் போட்ட கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிட்டால் அதையே மறந்துவிடுவார்கள். மூத்திரக் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: வழக்கமாக எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், எதற்குப் பயப்படுவார், என்னென்ன மாத்திரை. டாக்டர்களுக்கு அவருடைய "நேற்று" தெரியாது. வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மாமியாரை "எப்பவுமே பேசமாட்டாங்க போல" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்கள். அத்தை ஒரு வாரம் முன்புவரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கையைக் கட்டிப்போட்டால்தான் ட்ரிப்ஸ் நிற்கும் என்கிறார்களே?

கட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இழுப்பார், தோல் கிழியும், மூச்சு முட்டும், ஜன்னி நீளும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். புத்தி தடுமாறியவரைக் கட்டி வைப்பது எங்கே போய் முடியும் என்பதை இந்தக் கரை பார்த்துவிட்டது. ஆஸ்பத்திரியோ வீடோ, கட்டுவதற்குப் பதில் ஓர் ஆள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும்.

நான் துபாயில் இருக்கிறேன். வாப்பாவுக்கு நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

குரலை அனுப்புங்கள். நீங்கள் சின்ன வயதில் அவரோடு பேசியதுபோல், அதே பேச்சில், இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்பினால் உம்மா அதை ஊசி போடும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் போட்டுக் காட்டலாம். வீடியோ கால் சிலருக்குக் குழப்பத்தைக் கூட்டும், போனுக்குள் மகன் அடைபட்டிருப்பதாக நினைத்து அழுவார்கள். முகம் பார்த்து மகிழ்ந்தால் தொடருங்கள், இல்லையென்றால் குரல் மட்டும் போதும். இன்னொன்று, ராத்திரி பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். உம்மாவுக்கும் வயதாகிவிட்டது.

வென்டிலேட்டர் வைக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் கேள்வியை நள்ளிரவு வராந்தாவில் முதல் தடவையாகக் கேட்க நேரக்கூடாது. மறதி நோய் தொடக்கத்தில் இருந்து, அதுவரை நடமாடியவர் என்றால் தீவிர சிகிச்சையில் பிழைத்து வர நல்ல வாய்ப்பு உண்டு. மறதி நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது, மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். பேச்சு போய், விழுங்குவது போய், மாதக்கணக்கில் படுக்கையாகிவிட்டவர் என்றால் வென்டிலேட்டர் அவருடைய கடைசி நாட்களைக் கடினமாக்கவே அதிக வாய்ப்பு. மூச்சுத்திணறல் தெரியாமல், வலி தெரியாமல், தன் வீட்டு மனிதர்கள் நடுவில் வைத்துக்கொள்வதும் சிகிச்சைதான். அதற்கென்று மருந்துகள் இருக்கின்றன.

அவர் தெளிவாகப் பேசிய காலத்தில் என்ன சொன்னார் என்று அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து முன்பே பேசுங்கள். புத்தி தெளிவாக இருக்கும்போதே இதை எழுதி வைப்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது. வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களிடம் வலி தணிப்புச் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள், அந்தத் திட்டத்தில் அதுவும் இருக்கிறது.

தடுப்பூசி இந்த வயதில் வேலை செய்யுமா?

இளைஞர்களுக்குச் செய்கிற அளவுக்குச் செய்யாது. ஆனாலும் நோய் கடுமையாவதைக் குறைக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. தமிழ்நாட்டில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறுவதால் புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நல்லது, வருடாவருடம் போட வேண்டும். நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி வேறு, எந்த வகை, எத்தனை தடவை என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு இவற்றைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது, அது எனக்கு வருத்தம்தான். காசு ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் பெரியவருக்குப் போடுங்கள். இருவருக்கு இருந்தால் அவரோடு நாள் முழுக்க இருக்கும் மருமகளுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. திரும்புமா?

ஜன்னி இறங்க வாரக்கணக்காகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கூட ஆகும். அதனால் முதல் வாரத்திலேயே முடிவு கட்டாதீர்கள். பழைய நேரத்துக்குக் காபி, பழைய இடத்தில் பாய், பழைய பாட்டு, பகலில் வெளிச்சம், தினமும் கொஞ்சம் நடை என்று எல்லாவற்றையும் முன்பிருந்தபடி வையுங்கள். நிறையப் பேர் மெல்லத் திரும்பி வருகிறார்கள். சிலர் முன்பிருந்த படிக்கு ஒரு படி கீழேயே நின்றுவிடுகிறார்கள், அதற்கு உங்கள் கவனிப்பில் குறை என்று அர்த்தமில்லை. காய்ச்சலுக்கு முன் மறதியே இல்லை என்று நினைத்தவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு. ஓசையில்லாமல் தொடங்கியிருந்த நோய் இந்தக் காய்ச்சலில் வெளியே வந்திருக்கலாம். அப்படியென்றால் மூன்று மாதம் கழித்து நினைவுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

அத்தை அந்தத் தடவை திரும்பி வந்தார். ஆறாவது வாரம், நான் வாயைச் சுத்தம் செய்துவிட்டு எழுந்தபோது, "நீ சாப்பிட்டியாடி?" என்று கேட்டார். என் பெயர் அவருக்கு அதன் பிறகு வரவேயில்லை.